ஒட்டிவிட்ட எட்டுப் பக்கம்

இருபத்திரண்டு வருடமாக அந்தச் சிறுவர் நூலகத்தின் பின்னறைதான் பசை அத்தைக்கு உலகம். கிழிந்து வரும் புத்தகத்துக்கு முதுகுத்துணி மாற்றி, மைதாப் பசை தடவி, இரண்டு பலகைக்கு நடுவே நெருக்கி, மறுநாள் புதுப்பெண் மாதிரி அனுப்பிவைப்பாள். பசை அத்தை என்பது பிள்ளைகள் வைத்த பெயர்தான். கை சுத்தம். வாயும் பிடிவாதமும்தான் கொஞ்சம் நீளம்.

ஒட்டுகிற புத்தகத்தை ஒரு கண் படித்தும்விடுவாள். அப்படித்தான் ஒரு பேய்க்கதை வந்தது. பத்து பன்னிரண்டு வயதுக்கானதாம். தம்பியைத் தேடி ஒரு சிறுமி நிலவறைக்குள் இறங்குகிறாள். இருட்டுக்குள்ளிருந்து செத்துப்போன அம்மாவின் குரல் கூப்பிடுகிறது. அத்தைக்கு முதுகு சில்லிட்டது. "இதை எழுதினவனுக்குப் பிள்ளைகுட்டியே கிடையாதா?" என்று வைதுகொண்டே, ஐந்து தாள்களின் ஓரத்தில் பசை தடவி ஒரே தாளாக அமுக்கிவிட்டாள். யாரையும் கேட்கவில்லை. குஞ்சை மூடக் கோழி யாரைக் கேட்கும்?

பத்து நாள் கழித்து ஒரு சிறுமி அந்தப் புத்தகத்தோடு பின்னறை வாசலில் வந்து நின்றாள். பதினோரு வயதிருக்கும்.

"அத்தை, நூத்திப் பதினொண்ணுக்கு அப்புறம் நூத்திருபது வருது. நடுவுல எங்க?"

"அச்சடிச்சவன் விட்டிருப்பான். வேற கதை எடுத்துப் படி."

சிறுமி நகரவில்லை. "அக்காவும் தம்பியும் வீட்டுக்கு வந்துடறாங்க. ஆனா எப்படி வந்தாங்கன்னே இல்ல. வந்தது நிஜத் தம்பியே இல்லையோ? அந்தக் குரல்தான் தம்பி மாதிரி வந்திருக்கோ?"

"சீ! அசடு."

"அஞ்சு நாளா என் தம்பிகூட ஒரே ரூம்ல படுக்கல. கிட்ட வந்தா தள்ளிவிடறேன். அவன் அழறான்."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அத்தைக்கு நெஞ்சையே பலகைக்கு நடுவில் வைத்து நெருக்கினாற்போல் இருந்தது. எழுதினவன்கூட அப்படி ஒரு தம்பியை நினைக்கவில்லை. அவள் பசைதான் நினைக்க வைத்தது.

"அச்சடிச்சவன் இல்லம்மா. நான்தான். நீங்கல்லாம் பயப்படுவீங்கன்னு ஒட்டிட்டேன்."

ஈரத்துணியை ஓரத்தில் வைத்து ஊறவிட்டு, மழுங்கின கத்தியால் தாள் தாளாகப் பிரித்தாள். சிறுமி நின்றபடியே படித்தாள். கதைச் சிறுமி குரலிடம், "அம்மா என்னைக் கொஞ்சறப்ப எப்படிக் கூப்பிடுவா, சொல்லு" என்கிறாள். குரலுக்குச் சொல்லத் தெரியவில்லை. சுருங்கிச் சுருங்கி அணைந்துபோகிறது. தம்பியை இழுத்துக்கொண்டு அவள் மேலே ஏறுகிறாள்.

"இவ்ளோதானா?" என்று பெருமூச்சு விட்டாள் சிறுமி. பிறகு அத்தையை நிமிர்ந்து பார்த்தாள். "வேற எந்தெந்தப் புத்தகத்துல ஒட்டியிருக்கீங்க?"

இத்தனை வருடத்தில் எத்தனை என்று அத்தைக்கே நினைவில்லை. துணியை மறுபடி நனைத்துப் பிழிந்தாள்.

"தெரியலம்மா. முதல் அலமாரியிலேருந்து பார்க்கணும். நீ வீட்டுக்குப் போ, தம்பி தேடுவான்."