ஏழாம் நம்பர் மலையும் தேன்பருந்துகளும்

பருந்து எண்ணுவதற்குச் சூடான காற்று வேண்டும். ஐப்பசியில் கண்டிப் பக்கம் மத்தியானத்துக்கு மேல் மழை இறங்கிவிடும். ஆகவே வெயில் ஏறியதிலிருந்து மேகம் மூடும்வரைதான் எங்கள் நேரம். ஹேவாஹெட்டவில் நான் பிறந்த தோட்டத்துக்கு மேலே ஒரு மொட்டைப் பாறை இருக்கிறது. அங்கே ஏறினால் வடக்கே, தெல்தெனியப் பக்கத்து நீர்த்தேக்கம் தகரத் துண்டு மாதிரி மின்னும். குளிர்காலத்துக்கு இந்தியாவிலிருந்து வரும் பருந்துகள் அந்தத் தண்ணீருக்கு மேலேதான் முதலில் தெரியும், கண்ணில் தூசி விழுந்தது போல.

என்னோடு எண்ணியவள் கம்பஸில் கூடப் படிக்கும் தோழி, அலவத்துகொடக்காரி. ஒருத்தி தொலைநோக்கியில் கண் வைப்பாள். மற்றவள் கையில் அமுக்கி எண்ணும் சின்னக் கருவி. பறவைகள் வட்டமிட்டு மேலே ஏறும்போது எண்ணக் கூடாது, குழம்பிவிடும். உச்சிக்குப் போய், இறக்கையை விரித்தபடி ஒன்றன்பின் ஒன்றாகத் தெற்கே வழுக்கிக்கொண்டு போகும்போது, எதிர்மலைத் தொலைபேசிக் கோபுரத்தைத் தாண்டுகிறவற்றை மட்டுமே எண்ண வேண்டும். இங்கேயே குடியிருக்கும் கருங்கழுகுச் சோடியும் சும்மா சும்மா கோபுரத்தைத் தாண்டும்.

"இதுகள் ரெண்டும் இங்க ஓட்டுப் போடுற ஆக்கள். எண்ண வாணாம்" என்பாள் தோழி.

பாறைக்கு நேர் கீழே ஏழாம் நம்பர் மலை. தோட்டத்தில் தேயிலைக் காணியை மலை என்றுதான் சொல்வோம். அதன் நடுவில் ஓர் அல்பீசியா மரம். அதில் ஒரு குளவிக்கூடு. மேலேயிருந்து பார்த்ததால்தான் எங்களுக்குத் தெரிந்தது. அம்மாவிடம் சொன்னேன். "கூடு இல்லாத மலை எது?" என்று கேட்டுவிட்டு வேலைக்குப் போனார். முந்தின வருடம் அவரைக் குளவி கொட்டி, முகம் வீங்கி, மூச்சு அடைத்துவிட்டது. இன்னொரு தடவை என்றால் தாங்காது என்று ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் அனுப்பினார்கள்.

ஒரு நாள் காலை பருந்துகளின் பெரிய கூட்டம் ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. அதிலிருந்து ஒன்று மட்டும் பிரிந்தது.

"மச்சி, ஒண்டு கீழ எறங்குது" என்றாள் தோழி. "மெலிஞ்ச தலை, நீட்டுக் கழுத்து. தேன்பருந்து."

அது அல்பீசியாவில் போய் உட்கார்ந்தது. தேன்பருந்துக்குக் குளவிப் புழுதான் சாப்பாடு. அதன் முகத்து இறகு மீன் செதிள் போலக் கெட்டியானது, குளவியால் ஒன்றும் ஆகாது. கலைந்த குளவி கீழே நிற்கும் ஆளைத்தான் தேடும். கீழே, மரத்துக்குப் பக்கத்துத் தேயிலை நிரையில், அம்மாவின் பச்சைத் தலைத்துண்டு தெரிந்தது.

அம்மாவுக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை, போன் பையில் கிடக்கும், பை ரோட்டோரம் கிடக்கும். கங்காணிக்கு அடித்தேன்.

"அண்ணே, ஆளுங்கள கீழ இறக்குங்க. மரத்துல பருந்து வந்து உக்காந்திருக்கு."

"பருந்து மரத்துல உக்காராம ஆபீஸ் கதிரையிலயா உக்காரும்?"

"கூடு இருக்கிற மரம்ண்ணே. அதைப் பிக்கத்தான் வந்திருக்கு."

"இப்ப இறக்கினா கொழுந்து நிறை குறையும் பாப்பா. அரைப்பேர் விழுந்து பாதிச் சம்பளம் ஆனா பொம்பளைங்க என்னையத்தான் மெல்லுவாங்க."

"அம்மா அந்த நிரையில நிக்கிறாங்க."

கங்காணியின் விசில் சத்தம் முதலில் போனில் கேட்டது, பிறகு மலையிலிருந்து கேட்டது. தலைத்துண்டுகள் மெதுவாக ரோட்டுக்கு நகர்ந்தன. பச்சை கடைசியாக வந்தது.

பருந்து கூட்டைத் தொடவில்லை. இறகைக் கோதியது. இன்னும் கோதியது. அம்மாவின் அழைப்பு வந்தது. பின்னால் சிரிப்புச் சத்தம்.

"ஏண்டி, உன் பருந்து எப்ப வேலைய தொடங்கும்? நாங்க வேலைய விட்டுட்டு நிக்கிறோம்."

"கொஞ்சம் பொறும்மா."

"அதுக்கும் அரைப்பேர் போடச் சொல்லு!" என்றது யாரோ ஒரு பெண் குரல். அதே குரல், சற்று நேரத்தில்: "ஏய், அங்க பாருங்கடி. அது என்னா, பலாப்பழமா?"

சிரிப்பு நின்றது. மரத்தடியில் நின்றால் இலை மறைக்கும். ரோட்டிலிருந்து கூடு முழுதாகத் தெரிந்திருக்கிறது.

பருந்து எழுந்து, இரண்டு வட்டம் அடித்து, கோபுரத்தைத் தாண்டித் தெற்கே போனது. தோழி கருவியை ஒரு தடவை அமுக்கினாள். பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

"இவ்வளவு நேரமும் மத்தக் கூட்டத்தைப் பாத்தது யாரு?"

ஒருவரும் பார்க்கவில்லை. அந்த நேரத்துக்கு நான் பதிவுத் தாளில் பூச்சியம் போடப் போனேன். அவள் கையைப் பிடித்தாள். "பூச்சியம் வேற, பாக்கல்ல வேற. பாக்கல்ல எண்டு எழுது."

பெண்கள் அன்று அந்த மலைக்குத் திரும்பிப் போகவில்லை. கங்காணி கத்தினார், தோட்டத்து மேலாளர் துரையின் ஜீப் வந்தது, கடைசியில் வேறு மலைக்கு அனுப்பினார்கள். முழுப்பேரா அரைப்பேரா என்ற சண்டை அதற்குப் பிறகும் நடந்தது. அந்த வாரமே பந்தம் கட்டிக் கூட்டை எரித்தார்கள். பின்னால் வந்த தேன்பருந்துகளில் ஒன்றும் அந்த மரத்துக்கு இறங்கவில்லை. அவற்றுக்கு அது நட்டம்தான். கூடு போன பிறகு அம்மா அல்பீசியாவுக்குக் கீழேயே கொழுந்து எடுத்தார், போனைப் பிளாஸ்டிக் சிலிசிலிப் பையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு.

பருந்து வந்த அன்று சாயங்காலம் மழைக்குள் வீட்டுக்கு வந்த அம்மா தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டார்: "எங்கள பாத்துக்கிட்டு இருந்த நேரத்துல எத்தனை போயிருக்கும்?"

"தெரியாதும்மா."

"ஒரு அம்பது போட்டுக்க."

"பாக்காததை எழுதக் கூடாது."

"எடுத்த கொழுந்துல ரெண்டு கிலோவ கழிச்சுத்தான் எங்களுக்கு எழுதுறாங்க. பறக்கிறதுல அம்பது கூட்டினா யாரு வந்து நிறுக்கப் போறா?" என்றார்.