மோதினார் காக்காவின் கழுத்து

மோதினார் காக்காவை வார்டுக்குக் கொண்டுவந்தபோது அவருடைய கழுத்திலும் நெஞ்சிலும் பற்பசை வெள்ளையாகக் காய்ந்திருந்தது. கல்முனையில் எங்கள் பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொல்பவர் அவர்; வயதில் மூத்தவரை நாங்கள் காக்கா என்போம். நோன்புக் கஞ்சிக் கிடாரத்தை அடுப்பிலிருந்து இறக்கும்போது ஒருவருடைய பிடி நழுவி, கொதித்த கஞ்சி அவர்மேல் சரிந்திருந்தது. தண்ணீர் பட்டால் கொப்பளிக்கும் என்று யாரோ தடுத்து, பற்பசையை அப்பியிருக்கிறார்கள். உடனே நிறையப் பச்சைத்தண்ணீர் ஊற்றியிருந்தால் சூடு அவ்வளவு ஆழம் இறங்கியிராது. அந்த வார்டில் ஆண் தாதியாக இருந்த நான் சேலைன் ஊற்றிக் கழுவக் கழுவ, பசையோடு தோலும் வந்தது. அவர் கண்ணை மூடி ஓதிக்கொண்டே கிடந்தார்.

அதன்பிறகு எங்கள் காலைகள் கட்டு மாற்றுவதிலேயே கழிந்தன. கிருமி அண்டாதிருக்க வெள்ளி கலந்த களிம்பைக் கனமாகப் பூசிக் கட்டுவேன். மறுநாள் அவிழ்த்தால் அது காயத்து நீரோடு கலந்து மஞ்சளாகப் படிந்திருக்கும். அதைச் சீழென்று நினைத்து அவருடைய மனைவி அழுதார். சீழில்லை, மருந்துதான் என்று விளக்கினேன். ஓரங்களில் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் தெரிந்ததும் டாக்டர் களிம்பை நிறுத்தச் சொன்னார். கிருமியைத் தடுக்கும் அதே மருந்து தோல் மூடுவதையும் பிந்தவைக்கும். காய்ந்த துணி புதுத்தோலைப் பிடுங்கிவிடும் என்பதால் வஸ்லின் தோய்த்த வலைத்துணி வைத்தோம்.

"தோல் புடிச்சிருக்கா தம்பி?" என்று காக்கா தினமும் கேட்பார். ஓம், புடிச்சிருக்கு என்பேன். நெஞ்சில் பிடித்திருந்தது. கழுத்து ஆழமாக வெந்திருந்ததால் அங்கே தொடைத்தோலை எடுத்து ஒட்ட வேண்டியிருந்தது. இரத்தத்தில் சர்க்கரை கூடும் சீனி வருத்தம் அடங்காமல் அந்த ஒட்டு தள்ளித் தள்ளிப் போக, காயம் தானாகவே சுருங்கி மூடிக்கொண்டது. வீட்டார் அல்ஹம்துலில்லாஹ் என்று இறைவனைப் புகழ்ந்து அழைத்துப்போனார்கள்.

தழும்பு அதோடு நிற்கவில்லை. கழுத்துப்பட்டி அணிந்தும் மாதக்கணக்கில் இறுகி, மோவாயை நெஞ்சை நோக்கி இழுத்தது. கீழுதடும் கூடவே இறங்கியது. ஒருநாள் பிற்பகல் அஸர் தொழுகைக்கு அவர் மைக்கின் முன் நின்றார். 'அக்பர்' என்ற சொல்லின் 'ப'வுக்கு உதடுகள் கூடவில்லை. இன்னொரு தடவை முயன்றார். பிறகு ஒதுங்கி நின்றார். பக்கத்தில் இருந்தவர் தொடர்ந்து சொல்லி முடித்தார். அன்றிலிருந்து பாங்கு அவருடையதல்ல.

போன மாதம் சந்தையடியில் அவரைக் கண்டேன். என்னைப் பார்க்க உடம்பையே பின்னுக்குச் சாய்த்தார். தழும்பை வெட்டி விடுவிக்கலாம், தோல் ஒட்டலாம், ஆனால் திரும்ப இறுகவும் கூடும் என்று டாக்டர் சொன்னதை மறைக்காமல் சொன்னேன். அவர் வாயோரம் வழிந்த எச்சிலைத் துடைத்தார்.

"காயம் ஆறிட்டுத்தானே தம்பி. இனி என்னத்த ஆத்துற?"

 அந்த நேரம் அந்தி மஃரிப் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. நான் பள்ளிப் பக்கம் நடந்தேன். அவர் வீட்டுப் பக்கம் திரும்பினார்.