ஜெனரேட்டர்மேல் வைத்த கை

திருச்செங்கோட்டு மருத்துவமனை ஒன்றில் அப்பா வென்டிலேட்டரில் கிடந்தார். கரண்ட் போனால் கீழே ஜெனரேட்டரை ஓட்டுபவர், இமைமுடிகூட நரைத்த ஒல்லி மனிதர். அது ஓடி முடியும்வரை அதன்மேல் உள்ளங்கையை வைத்தே உட்கார்ந்திருப்பார். டாக்டர் வந்தாலும் எடுக்கமாட்டார்.

ஒரு மதியம், "ஏனுங்க, எதுக்குக் கை வெச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"போர்வெல் தோண்டற ரிக் வண்டியில பழகுனதுங்க. போர் போடறப்ப, கீழ பாறையா தண்ணியான்னு குழாய்ல கை வெச்சாத் தெரியும்." உள்ளங்கையை இன்னும் கொஞ்சம் அழுத்தினார். "மேல ஒரு மெஷின நிறுத்திட்டாங்க சாமி."

மாடிக்கு ஓடினேன். அப்பாவின் மார்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கட்டிலில் கிடந்தவரின் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டிருந்தார்கள்.

அத்தனை விளக்கும் எரிந்து ஏசியும் ஓடும்போது ஒரு சின்ன மெஷின் நின்றது அவருக்கு எப்படித் தெரிந்தது? இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

மறுநாளும் கரண்ட் போனது. அவருக்கும் சேர்த்து டீ வாங்கிப் போனேன். என்னைக் கண்டதும் மாடியை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார்; ஓடிக்கொண்டிருந்த ஜெனரேட்டரிலிருந்து கையை எடுத்துவிட்டு எழுந்து நின்றார்.