அருந்தவனின் பச்சைத் திரை

அருந்தவன் பூட்ஸ் குதிகாலால் புல்தரையைக் குத்திப் பார்க்கிறார். ஒரு நாளைக்கு ஆயிரம் தரம் குத்துவார். ஆயிரம் என்பது என் கணக்கு, சற்று மிகைதான். அவரின் மனைவி ரஞ்சினியைக் கேட்டால் அறுபது என்பாள். குத்திய இடத்தில் குனிந்து, ஈரத்தை விரலில் எடுத்து முகர்ந்தும் பார்ப்பார். பிறகு இரண்டடி தள்ளி இன்னொரு குத்து.

"மேலாலை காய்ஞ்ச மாதிரி நடிக்கும் அன்ரி. உள்ளுக்கை சேறு."

மெல்பேர்னின் வடக்கே, கிரெய்கிபர்னில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். வயது ஐம்பத்திரண்டு. முக்கால் மணி நேரத் தூரத்திலுள்ள ஒரு குதிரைப் பந்தயத் திடலில் புல்தரை பார்க்கும் வேலை. திடலின் பெயரை எழுதினால் பிறகு என்னையும் நம்பமாட்டார். வானிலை அறிவிப்பை நம்பார். கடையில் பாண் ரொட்டியை அமத்திப் பார்க்காமல் வாங்கார். வாசல் மணி அடித்தால் பின்கதவால் இறங்கி, வீட்டைச் சுற்றி வந்து, அடித்தவரின் முதுகை முதலில் பார்ப்பார். ஒருமுறை நான் புட்டுப் பாத்திரத்தோடு நின்றபோது பின்னாலிருந்து "ஆர்?" என்று கேட்டாரே, பாதிப் புட்டு வாசலில்.

அந்தத் திடலில் தடை தாண்டும் ஓட்டம் ஆண்டுக்கு ஒன்றுதான், ஜூலைக் குளிரில். ஓடுபவை எல்லாம் அதற்குமுன் ஒரு பந்தயத்திலும் தடை தாண்டியிராத இளங்குதிரைகள். பெரிய தும்புத்தடி விளக்குமாறுகளைத் தலைகீழாக வரிசையில் நட்டதுபோல, இடுப்பளவு உயரத் தடைகள். இரண்டு சுற்று ஓடவேண்டும்.

அந்த ஓட்டத்துக்கு ஒரு கிழமை முன்னரே அருந்தவன் மச்ச மாமிசம் சாப்பிடுவதை விட்டுவிடுவார். பேச்சும் குறையும். விரதம் பிடித்துப் பந்தயம் கட்டுகிற ஆட்களை எனக்குத் தெரியும். ரஞ்சினியிடம் மெல்லச் சொன்னேன்.

"எனக்கும் ஐமிச்சம்தான் அன்ரி," என்றாள். "ஏழு வருசமா வேலை, ஒருநாளும் எங்களைக் கூட்டிக்கொண்டு போகேல்லை. இந்த முறை நாங்களாப் போவம்."

பந்தயத்துக்கு எல்லாரும் தொப்பியும் பூவுமாய் வருவார்களாம். எனக்குத் தொப்பி சரிவராது. மயில்கழுத்து நிறக் காஞ்சிபுரத்தைக் கட்டினேன். ஒரு சாண் சரிகைக் கரை. முந்தானை முழுக்கச் சரிகை.

அருந்தவன் கடைசித் தடையின் அருகே நின்றார். எங்களைக் கண்டதும் முகம் கறுத்தது. காலடியில் ஓர் ஆள் நீளத்துக்குச் சுருட்டிய பச்சைத் துணி, இரண்டு முனையிலும் கம்பு.

"உது என்ன தம்பி?"

"திரை. குதிரை விழுந்து கால் முறிஞ்சால் சனம் பாக்காமல் மறைக்கிறது. டொக்டர் உள்ளுக்கை சாக ஊசி போடுவார்."

சுருட்டின் மேல் மூன்று முடிச்சு. மேற்பார்வையாளன் ஒன்று போதும் என்கிறானாம். "லேசா அவிழ்ந்தால் லேசா விரியும். அவனுக்கு விளங்காது." பிறகு எங்களைப் பார்க்காமலே சொன்னார்: "வேலைக்கு வந்த வருசம் ஒருக்கா விரிச்சனான். திரை பிடிக்கிற ஆள் வெளியாலை பாத்து நிக்கவேணும் எண்டு ஒருத்தரும் சொல்லித் தரேல்லை. நான் உள்ளுக்கை பாத்துக்கொண்டு நிண்டுட்டன்."

அதன்பிறகு ஆறு ஓட்டம் நடந்தது. முடிச்சு அவிழவில்லை. ரஞ்சினி இதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டாள். என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். நான் மேகத்தைப் பார்த்தேன்.

ஓட்டம் தொடங்கியது. எட்டுக் குதிரைகள். சாய்ந்த வெயில் அவற்றின் முதுகுப்பக்கமிருந்து எங்கள் முகத்தில் அடித்தது. முதல் சுற்றில் முன்னால் வந்த செந்நிறக் குதிரை, கடைசித் தடைக்கு நாலு பாய்ச்சல் முன்னால் காதை விறைத்து, பக்கவாட்டில் ஒதுங்கி, எப்படியோ தாண்டியது. வயிறு தடையில் உரசிய சத்தம் எனக்குக் கேட்டது. ஜாக்கி கழுத்தைக் கட்டிக்கொண்டு தப்பினான்.

சனம் குதிரையைப் பார்த்தது. அருந்தவன் பார்க்கவில்லை. அதன் காது திரும்பிய திசையைப் பார்த்தார். அந்தத் திசையில் புல், வேலி, வேலிக்குப் பின்னால் நான். காற்றில் அடித்துக்கொண்டிருந்த என் முந்தானை.

"அன்ரி! உந்தச் சரிகை!"

"சால்வையாலை மூடுறன் தம்பி..."

"சால்வையை நம்பேலாது, காத்து!"

குதிரைகள் திடலின் மறுகோடியில் வளைந்துகொண்டிருந்தன. அருந்தவன் குனிந்து முடிச்சில் கை வைத்தார். வைத்த கை ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு பிடுங்கினார். முதல் முடிச்சு விரலால், இரண்டாவது நகத்தால், மூன்றாவது பல்லால். ஒரு கம்பை ரஞ்சினியிடம் நீட்டினார். பச்சைத் துணி என் முன்னால் விரிந்தது. திரையைக் கண்டதும் அரங்கில் "ஐயோ" என்பதுபோல ஒரு மூச்சு எழுந்தது. குதிரை ஏதோ விழுந்துவிட்டது என்று நினைத்துவிட்டார்கள்.

திரைக்கு உள்ளே நாங்கள் மூவர். ஒன்றும் தெரியாது. தரை அதிர்ந்தது.

அருந்தவன் கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு குதிரையும் தடை தாண்டி நிலத்தில் இறங்கும் சத்தத்தை எண்ணினார். "ஒண்டு. ரண்டு. மூண்டு, நாலு." தலையைச் சற்றுச் சாய்த்தார். "அஞ்சு. ஆறு." இடைவெளி. "ஏழு."

பிறகு ஒன்றும் இல்லை. காற்று மட்டும் துணியில் அடித்தது. ரஞ்சினி கம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். நான் தெரிந்த கடவுள்களை எல்லாம் வரிசையில் கூப்பிட்டேன்; முப்பத்து முக்கோடியில் பாதி முடிந்திருக்கும்.

தொம்.

"எட்டு," என்றார் அருந்தவன். கம்பைப் பிடித்தபடியே நிலத்தில் குந்திவிட்டார். எந்தக் குதிரை வென்றது என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

கார் தரிப்பிடத்தில் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "ரஞ்சினி, உன்ரை மனுசன் ஏழு வருசமாத் திரை விரிக்காத ஆள். வெள்ளிக்கிழமை கோயில்லை எல்லாருக்கும் சொல்லப்போறன்."

பக்கத்தில் அந்தச் செந்நிறக் குதிரையை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அருந்தவன் அதன் காதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன் மழைக்கோட்டைக் கழற்றி என் முந்தானையை முழுவதும் மூடி, நுனியை இடுப்பில் இறுக்கிச் செருகினார்.

"ஆறு வருசம், அன்ரி," என்றார். "இண்டைக்கு உங்களுக்கு விரிச்சனான்."