கடிதத்தில் வந்த எருக்கம்பூ

முன்கூடத்தில் பூட்ஸ் சத்தம் கேட்டது. அடுக்களையில் எருக்கம்பூ கோத்துக்கொண்டிருந்த கன்னியம்மாள், நாரும் பூவுமாக ஓடி வந்தாள். வந்தவன் கணவன் மணவாளன் அல்ல. அவனோடு பட்டாளத்தில் சேர்ந்த பூந்தமல்லி கலீல் ரகுமான், தொப்பியைக் கையில் பிடித்தபடி தனியாக நின்றிருந்தான்.

பதினாறு வயதில் கோவில்பதாகைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் அவள். ஏரிக்கரைப் புதர்களில் எருக்கம்பூ பறித்துப் பிள்ளையாருக்கு மாலை கட்டுவது பிழைப்பு. 1941 பங்குனியில், சூடான் பாலைவனத்தில் மணவாளன் இறந்ததாகத் தந்தி வந்தது. பதினைந்தாம் நாள் அவனுடைய கடிதமே வந்தது! இருக்கும் இடத்தை எழுதப் பட்டாளத்தில் அனுமதியில்லை. 'நீ கட்டுற பூ இங்கியும் கீது' என்று ஒரே வரி. உள்ளே காய்ந்த எருக்கம்பூ ஒன்று.

பாலைவனத்தில் எருக்கு ஏது? அவன் கப்பலே ஏறவில்லை, இந்த மண்ணில்தான் எங்கோ இருக்கிறான் என்று முடிவு கட்டினாள். ஊர் பழித்தும் குங்குமத்தை அழிக்கவில்லை.

"நான்தான் தங்கச்சி அவன் குழியில மண்ணு தள்ளினேன்" என்றான் கலீல்.

"பொய்! மணல்காட்டுல எருக்கு மொளைக்குமா?"

"மொளைக்குது. மழையே இல்லே, அது மட்டும் பச்சையா நிக்கும். 'இன்னா மாமே, எம் பொண்டாட்டி எனக்கு மின்னாடியே வந்து நட்டுட்டா'ன்னு சிரிச்சான். லெட்டர ஒட்டுனது நான்தான். மறுநாளே..."

அவள் சாமி படத்தின் பின்னாலிருந்து காய்ந்த பூவை எடுத்தாள். கையிலிருந்த புதுப்பூவின் பக்கத்தில் வைத்தாள். புதுப்பூ முழுக்க ஊதா. இதழ்கள் விரிந்து பின்னால் மடங்கியிருந்தன. காய்ந்த பூவின் இதழ்களோ கிண்ணம்போல் நிமிர்ந்திருந்தன. நுனியில் மட்டும் மை தொட்டாற்போல் ஊதா. காய்ந்ததால் அப்படி என்று நான்கு மாதமாகத் தன்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தாள். ஆயிரமாயிரம் பூக்களைத் தொட்ட அந்த விரல்களை இனி ஏமாற்ற முடியவில்லை.

"இது நம்ம ஊரு எருக்கு இல்லே, அண்ணே."

அவள் அழுகை வெடித்து அடங்கும்வரை கலீல் காத்திருந்தான். பிறகு வாசற்படியில் தயங்கி, "நான் போய்ட்டு வ..." என்று தொடங்கினான்.

"சொல்லாதீங்க அண்ணே" என்று தடுத்தாள். "சாவு ஊட்டுல சொல்லிக்கினு போவக் கூடாது."

அவன் தொப்பியை மாட்டி, சொல்லிக்கொள்ளாமலே தெருவில் இறங்கினான்.

கன்னியம்மாள் கதவைச் சாத்தினாள்.