ஒரு கைப்பிடிப் பஞ்சு

ஆய்வுக்கூடத்தில் எலிகளைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்கு எலியம்மா என்று பெயர் வைத்தது, புட்டி கழுவுகிற நான்தான். "எலிங்களாவது சொன்ன பேச்சு கேக்குது, நீ கேக்குறியா?" என்பாள்.

அப்போது குடல் அழற்சிக்கு ஒரு மருந்தைச் சோதித்துக்கொண்டிருந்தோம். குடிதண்ணீரில் பொடி கலந்து எலிகளின் குடலைப் புண்ணாக்க வேண்டும். பிறகு பாதி எலிகளுக்கு மருந்து, மீதிக்கு வெறும் தண்ணீர். அக்காவின் தம்பிக்கும் அதே நோய்தான். சாப்பிட்ட கையோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடுவான், ரத்தம் போகும். கல்யாணப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவான். "நம்ம மருந்து வரட்டும்டா" என்று அக்கா அவனைத் தேற்றி வைத்திருந்தாள். நம்ம மருந்தாம்!

கடைசியில் ஆராய்ச்சி செய்யும் டாக்டரம்மா கையை விரித்துவிட்டார். "மருந்து குடிச்சதும் தேறியிருக்கு, குடிக்காததும் தேறியிருக்கு. இதால பிரயோஜனம் இல்ல, விட்டுடலாம்."

அக்காவுக்கு முகம் வெளிறிவிட்டது. "குடிக்காததும் எப்படிம்மா தேறும்?" என்று முணுமுணுத்தவள், சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

கூண்டு மாற்றும்போது பழைய கூண்டில் எலி படுத்திருந்த பஞ்சில் ஒரு கைப்பிடியைப் புதியதில் போடுவது வழக்கம். தன் வாசனை இருந்தால் எலி மிரளாது. நோய் முற்றிய எலி பஞ்சைச் சேர்த்துக் கூடு கட்டாது, ரோமம் சிலிர்த்து நடுங்கிக்கொண்டிருக்கும். அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. மருந்து குடித்த எலிகள் கட்டியிருந்த கதகதப்பான பஞ்சைக் கொஞ்சம் பிய்த்து, வெறும் தண்ணீர் குடித்த எலிகளுக்கும் போட்டிருக்கிறாள். பஞ்சோடு புழுக்கையும் போனது. எலி புழுக்கையைத் தின்னும், புழுக்கையில் மருந்து இருக்கும்.

"குளிருமேன்னு போட்டேம்மா" என்றாள் எல்லார் முன்னாலும். மானம் போய்விட்டது அவளுக்கு. தலை நிமிரவே இல்லை.

டாக்டரம்மா திட்டவில்லை. "நல்லவேளை சொன்னீங்க. புது எலிங்கள வச்சு முதல்லேர்ந்து செஞ்சிடலாம்" என்றார். மருந்து பிழைத்ததே என்று நான் பல்லைக் காட்டினேன். இப்போது நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

புது எலிகள் வந்தன. கொழுகொழுவென்று ஓடின. பொடி கலந்த புட்டியை அக்காதான் மாட்டினாள். சில நாட்களில் அவையும் சிலிர்த்துச் சுருண்டன. ஒவ்வொன்றுக்கும் அதனதன் கூண்டின் ஈரப்பஞ்சை மட்டும் போட்டாள்.

தம்பி போன் செய்தான். "என்னக்கா, நம்ம மருந்து என்னாச்சு?"

"வரும்டா" என்று வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"இதுங்க முகத்துல முழிக்கவே கூசுதுடா. இனிமே என்னை எலியம்மான்னு கூப்பிடாத."