கதவைச் சாத்தியது யார்?

எங்கள் நஸீறா லாத்தா தியேட்டர் வாசலை மிதித்தவள் அல்ல. இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள எங்கள் மருதமுனையில் அவளுடைய வயதுப் பெண்கள் எவருமே மிதித்ததில்லை. ஆனாலும் படக்கதை கேட்க வேண்டுமென்றால் ஒழுங்கைப் பெண்கள், அதாவது எங்கள் சிறு தெருவின் பெண்கள், என் மூத்த சகோதரியான இவளைத்தான் தேடி வருவார்கள். வானொலியில் படங்களின் ஒலியை மட்டும் ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கிப் போடுவார்கள் அல்லவா, அதுதான் அவளுக்குத் தியேட்டர். றேடியோவைத் தறிக்குப் பக்கத்தில் வைத்திருப்பாள். பாட்டு வந்தால் தறி ஓடும். வசனம் வந்தால் நின்றுவிடும். அந்தத் தறி ஓடித்தான் நான் பட்டதாரியானேன் என்பதை எங்கும் தலை நிமிர்ந்து சொல்வேன்.

அவளுடைய கணவர் மீராசாஹிபு மச்சான் கடற்கரையில் மீன் ஏலம் கூறுபவர். வீட்டிலும் அதே தொண்டைதான். "ஒரு நாளைக்கி இந்தப் பொட்டியக் கொண்டு போய்க் கடல்ல எறியிறனா இல்லியா பாரு" என்பார். எறிந்ததில்லை. படம் போகும்போது சாரனை இழுத்துப் போர்த்துக்கொண்டு பாயில் திரும்பிப் படுத்துவிடுவார்.

கேட்ட படங்களுக்குள் பழைய படம் ஒன்று லாத்தாவின் உயிர். வானொலிக்காரர்களுக்கும் அது பிடித்திருக்க வேண்டும், திரும்பத் திரும்பப் போட்டார்கள். அதில் புருஷனும் பெண்சாதியும் சண்டை பிடிக்கிற இடம் ஒன்று. "எல்லாம் முடிந்தது" என்று அவன் கத்துவான். படாரென்று ஒரு கதவுச் சத்தம். பிறகு பேச்சே இல்லை. மழை, வயலின், மறுபடியும் மழை. கடைசியில் ஒரு கிழவியின் குரல் மட்டும் வரும்: "உள்ளே வா… இப்படியா மழையில் நிற்பது? வா, வா."

அந்தக் கதவுச் சத்தத்தால் எங்கள் ஒழுங்கை இரண்டு கட்சியாய்ப் பிரிந்திருந்தது. வெளியே போனவன் புருஷன்தான், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது. கலியாணத்தின்போது தகப்பன் மகளுக்கு வீட்டைக் கொடுப்பார், மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து சேர்வார். சண்டை முற்றினால் அவர்தான் தன்னைப் பெற்ற உம்மா வீட்டுக்கு நடையைக் கட்டுவார். ஆகவே அந்தக் கிழவி அவனுடைய உம்மா. இதுவரைக்கும் எல்லாரும் ஒன்று. கதவைச் சாத்தியது யார் என்பதில்தான் சண்டை.

"அவள்தான் சாத்தினாள். நானெண்டாலும் சாத்துவன்" என்பார் பக்கத்து வீட்டு ஆசியா உம்மா.

"அவள் அப்பிடிப்பட்டவள் இல்ல மாமி. போறவன்தான் கோவத்தில இழுத்துச் சாத்திட்டுப் போறான்" என்பாள் லாத்தா.

"நீ கண்டயா?"

அந்த ஒரு கேள்வியோடு லாத்தா தறிக்குத் திரும்பிவிடுவாள். கண்டதில்லையே! சாகுமுன் ஒரு தடவை அந்த இடத்தைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது அவளுக்கு ஒரு நேர்ச்சை மாதிரி ஆகிப்போயிற்று.

எண்பத்திரண்டில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் என் பரீட்சை முடிவு வந்தது. எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். அந்தச் சந்தோஷத்தில் கண்டியில் சுற்றியபோது ஒரு வீடியோக் கடையில் அந்தப் படத்தின் கெசற்றைக் கண்டேன்! வாங்கி மடியில் வைத்துக்கொண்டுதான் பஸ்ஸில் வந்தேன்.

"அல்லாவுக்காகச் சொல்லு, நெசமா அந்தப் படந்தானா?" என்று லாத்தா என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். பட்டம் எடுத்ததற்குக்கூட இவ்வளவு குதிக்கவில்லை என்று நான் சொன்னதும், "அது நீ எடுப்பாய் எண்டு தெரியும்தானே" என்றாள்.

சவூதியிலிருந்து வந்திருந்த அச்சிமுகம்மதுவின் வீட்டில் டீவியும் டெக்கும் இருந்தன. வெள்ளிக்கிழமை தறிகள் ஓடாது, பள்ளிக்கூடமும் இல்லை. ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் முழு ஒழுங்கையும் அங்கே கூடிவிட்டது. டீவியிலிருந்து பின்சுவர் வரை நெடுக ஒரு சீலையைக் கட்டியிருந்தார்கள். இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள். டீவித் திரை இரண்டு பக்கத்துக்கும் தெரியும், ஆளுக்கு ஆள் தெரியாது.

கெசற் உள்ளே போயிற்று. படம் வந்தது! கறுப்பு வெள்ளையில், மழை பெய்கிற மாதிரிக் கோடுகளோடு. ஆனால் சத்தம் வரவில்லை. அச்சிமுகம்மது டீவியைத் தட்டினான், டெக்கின் உள்ளே ஓடிக்கொலோன் சென்ட் போட்டுத் துடைத்தான்.

"ஜப்பான் சாமான் இது, இதில பிழ வராது" என்றான். "கெசற்லதான் பிழ. பி.ஏ., பாத்து வாங்கல்லியா நீ?"

எனக்கு முகம் கறுத்துவிட்டது. ஆண்கள் பக்கத்தில் பொறுமை போய்விட்டது. "ஊமப் படம் ஆருக்குடா வேணும்? சண்டப் படம் ஒண்டு இரிக்கிண்டாயே, அதப் போடு." அச்சிமுகம்மதுவின் விரல் பொத்தானுக்குப் போனது.

"அச்சிமுகம்மது, கைய எடு."

சீலைக்கு அப்பாலிருந்து வந்தது லாத்தாவின் குரல். பிற ஆண்கள் இருக்கும் இடத்தில் எங்கள் பெண்கள் குரல் உயர்த்துவதில்லை. அவளும் உயர்த்தியதில்லை.

"படம் ஓடட்டும். சத்தத்த நான் சொல்றன்."

"ஆரது?"

"மீராசாஹிபுட பொண்டாட்டி."

எல்லாரும் மச்சானைப் பார்த்தார்கள். அவர் பாயைப் பார்த்தபடி, "ஓடட்டுமே" என்றார்.

படம் ஓடியது. "அத்தான், உங்களுக்காக நான் எத்தனை நாள் காத்திருப்பது?" என்று லாத்தா சுத்தமான படத்தமிழில் கேட்டதும் பெண்கள் பக்கம் சிரித்தே விழுந்தார்கள். நாயகிக்கு ஒரு குரல், மாமனாருக்கு ஒரு குரல், தபால்காரனுக்கு மூக்கால் ஒரு குரல். சில இடங்களில் வாய் மூடிய பிறகு பேச்சு வரும். சில இடங்களில் "இது றேடியோவில வரல்ல" என்று நிறுத்திவிடுவாள். அப்போது இரண்டு பக்கமும் ஆளாளுக்கு ஒரு வசனத்தை ஊகித்துச் சொன்னோம். ஒரு படத்தை இத்தனை பேர் சேர்ந்து பேசியதை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. சண்டைப் படம் கேட்டவர்கள் முன்வரிசைக்கு நகர்ந்திருந்தார்கள்.

அந்த இடம் வந்தது. "எல்லாம் முடிந்தது!" என்றாள் லாத்தா, அவன் குரலில். பிறகு அவளுக்கும் சொல்ல ஒன்றுமில்லை. வீடு முழுக்க முன்னால் சாய்ந்து பார்த்தது.

அவன் அவளைக் கையைப் பிடித்து இழுத்து வந்தான். படிக்கு வெளியே விட்டான். உள்ளே நின்றுகொண்டு கதவைச் சாத்தினான். அவள் தெருவில், மழையில், ஒரு கையில் மூட்டையோடு நின்றாள்.

"அல்லாவே!" ஆசியா உம்மாவின் குரல் கூரையைத் தொட்டது. "அவளயா வெளிய போட்டான்? அது அவன்ட ஊடா? ஏன், அவட வாப்பா அவளுக்கு ஊடு குடுக்கல்லியா?"

"அங்கத்தப் பக்கம், இந்தியாவில, அப்பிடியாம்" என்றாள் ஒருத்தி.

"அப்ப பொம்புள எங்கதான் போற?"

திரையில் அவள் கதவு கதவாகப் பார்த்துக்கொண்டு போனாள். எந்தக் கதவும் திறக்கவில்லை. கடைசியில் ஒரு குடிசையின் கதவு திறந்தது. கிழவி ஒருத்தி விளக்கோடு எட்டிப் பார்த்தாள். அவனுடைய உம்மா அல்ல, யாரோ ஒரு முன்பின் தெரியாத கிழவி. வாய் அசைந்தது.

சத்தம் இல்லை. லாத்தா சொல்ல மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உள்ளே வா… இப்படியா மழையில் நிற்பது? வா, வா."

கரகரத்த, பெரிய குரல். ஆண்கள் பக்கத்திலிருந்து வந்தது. மச்சான் பாயில் நிமிர்ந்து உட்கார்ந்து, கிழவியைப் பார்த்தபடி சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு சொல் பிழைக்கவில்லை.

வீடு அதிரச் சிரித்தார்கள். "மருமகன், கெழவிக்கி மீன் ஏலம் கூறுற தொண்டயா?" என்று ஆசியா உம்மா கேட்டார். சிரிப்பு அடங்கியதும் சீலைக்கு அப்பாலிருந்து லாத்தா மெதுவாகக் கேட்டாள்:

"இஞ்சாருங்க… நீங்க இவ்வளவு காலமும் கேட்டுக்கிட்டா இரிந்தீங்க?"

"நான் என்ன பக்கத்து ஊட்டுலயா படுத்துக் கிடந்த?" என்றார் மச்சான். "வசனத்தச் சொல்லு புள்ள, அவள் வாய அசைக்கிறாள்."